நாளுக்கு ஒரு மலை

வேடியப்பன் மகளோடு பேசிப் பத்து நாள் ஆகிறது. மூன்று வருஷம் முன்னால் செத்துப்போன மனைவி ராஜம்மாளின் டிரங்குப் பெட்டியை அருணாதேவி திறந்தாளே, அன்றைக்கு நின்ற பேச்சு.

பெட்டிக்குள் நகையும் இல்லை, பட்டும் இல்லை. இருந்ததெல்லாம் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். வளைத்த கம்பியில் குத்தியது குத்தியபடி, கட்டுக் கட்டாக, பதினோரு வருஷத்துத் தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் என்னமோ போட்டிருந்தது. அடுப்புப் பற்ற வைக்கச் சேர்க்கிறாள் என்றுதான் வேடியப்பன் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அருணாதேவி சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். பகல் முழுக்க அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து படித்தாள். சாயங்காலம் எல்லாவற்றையும் இரண்டு கோணிப்பையில் போட்டுக் கட்டினாள். இது அம்மாவின் டைரி, நாலு பேர் வந்து பார்க்கிற மாதிரி ஒரு இடத்தில் தொங்கவிடப் போகிறேன் என்றாள்.

"செத்தவளைக் கேட்டியா?" என்றார் வேடியப்பன்.

அவள் கோணிப்பைகளை வாசலுக்கு இழுத்தாள். அதோடு பேச்சு நின்றது.

வீட்டு விஷயம் தெருவுக்குப் போகக் கூடாது என்பது ஊருக்கு அவர் சொன்ன காரணம். நெஞ்சுக்குள் இருந்த காரணம் வேறு. அது ஒரு தேதி.

தொண்ணூற்று நாலாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். மூத்த மகன் தருமன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னான். நிலத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். பேச்சு தடித்தது. தீபம் பார்க்க வந்த ஜனம் வாசலில் போய்க்கொண்டிருக்கும்போதே மகனை அறைந்தார். "என் மூஞ்சில முழிக்காத, போ" என்றார். அவன் போனான். அருணா அப்போது பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தாள். பார்த்தது ராஜம்மாள் ஒருத்திதான்.

ஊரில் கேட்டவர்களுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று சொன்னார். ராஜம்மாள் மறுத்துப் பேசவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பத்து வருஷமாகத் தருமன்தான் ஓடுகாலி. பெற்றவள் சாவுக்குக்கூட அவன் வரவில்லை. வரவில்லை என்று ஊர் பேசியது. தகவல் சொல்லி அனுப்பாதவர் வேடியப்பன்.

அன்றைக்கும் அவள் எழுதியிருப்பாள் இல்லையா?

அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் காலையில் ஒரு மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் டவுன் பஸ் ஏறினார். சாயங்காலம் நாலு மணிக்குக் கண்காட்சி திறப்பு. இங்கே ஒரு நாள் வைத்துவிட்டு அப்புறம் சென்னைக்குக் கொண்டு போகிறாளாம். நாலு மணிக்குள் காரியம் முடிய வேண்டும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி, முன்பு மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கிய பழைய குடோன் அது. இப்போது காலி. வாசலில் அவர் தங்கை சரசு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு அடுத்த தெரு. அண்ணன் மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அப்படியே காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, செத்தாலும் வரமாட்டேன்னு சொன்ன வாயி எங்க போச்சு?"

"வாயி வரல. காலு வந்துது."

அருணா டவுனுக்கு நூல்கண்டு வாங்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள் சரசு. பிறகு குரலைத் தாழ்த்தி, தான் ஒரு ஏற்பாடு பண்ணியிருப்பதாகச் சொன்னாள். அந்த ஓடுகாலி போன தேதியில் அண்ணி வயிறெரிந்து எழுதிய தாள் கட்டாயம் இருக்குமாம். அதை நாலு மணிக்கு எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்கும்படி அருணாவிடம் கேட்டிருக்கிறாளாம்.

"பெத்தவள உசுரோட கொன்னவன் யாருன்னு இந்த ஊரு தெரிஞ்சிக்கட்டும்ணா."

வேடியப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

போனவர் நின்றுவிட்டார்.

குடோன் நடுவில் மேலே ஒரு பெரிய கம்பி வளையம். களத்து மேட்டை வளைத்த மாதிரி அகலம். அதிலிருந்து சுற்றிலும் நூல் நூலாகத் தொங்கியது. ஒரு நூலுக்கு ஏழு தாள், ஒரு வாரம். ராஜம்மாள் கம்பி குத்திய ஓட்டை வழியாகவே நூலைக் கோத்திருந்தாள் மகள். அச்சடித்த பக்கம் வெளியே பார்க்க, வட்டம் முழுக்கத் தேதி. கறுப்பில் பெரிய பெரிய எண். ஞாயிறும் பண்டிகையும் சிவப்பு.

இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர் அவர். எண் தெரியும். அச்செழுத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். கையெழுத்து என்றால் அவருக்கு எறும்பு ஊர்ந்த தடம். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்க ஒரு படிப்பும் தேவைப்படவில்லை. பதினோரு வருஷம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு நாளைப் பார்க்கிறோம், அது போய்விடுகிறது, அதோடு சரி என்று இருந்தவர் அவர். போன நாளெல்லாம் போகாமல் இங்கே வந்து தொங்குகிறதே என்று நினைத்தார்.

தரையில் வருஷத்தை சாக்பீசால் எழுதியிருந்தாள். அவர் தொண்ணூறில் ஆரம்பித்து நடந்தார். வட்டம் வலது கைப் பக்கம் இருக்க, மலையைச் சுற்றுகிற வாக்கில். யாரும் சொல்லவில்லை, கால் அப்படித்தான் போனது. எந்த வருஷம் எந்தக் கடைக் காலண்டர் என்பது காகிதத்திலேயே தெரிந்தது. தொண்ணூற்று மூன்று முழுக்க மஞ்சளடித்துக் கிடந்தது. அந்த வருஷம் உரக்கடைக்காரர் கொடுத்தது மட்டக் காகிதம். அந்த மஞ்சளில்தான் எங்கேயோ சிவப்பிப் பசு செத்த நாளும், கிணற்றில் ஊற்று உடைத்த நாளும் இருக்க வேண்டும்.

தொண்ணூற்று நாலு வந்தது. நவம்பர் என்பதை எழுத்துக் கூட்டினார். தேதி அவருக்கு மனப்பாடம். கண்ணுக்கு நேரே இருந்தது.

அதற்கு மேலே, தீபத்தன்றைய தாள் இருக்க வேண்டிய இடத்தில் தாள் இல்லை. நூலில் வெறும் முடிச்சு மட்டும் இருந்தது. எங்கோ தொலைந்திருக்கும், அது நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார். வேண்டிய தாளைப் பிடித்து இழுத்தார். ஓட்டை கிழிந்து கையோடு வந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

இழுத்த இழுப்பில் அந்த நூல் ஆடியது. பக்கத்து நூலில் பட்டு அதுவும் ஆடியது. அப்படியே ஒரு சலசலப்பு வட்டம் முழுக்க ஓடிச் சுற்றி, மறுபடி அவரிடமே வந்து அடங்கியது.

எதிரே இரண்டு தாள் அளவுக்கு ஒரு சந்து விழுந்திருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

உள்ளே மலை தெரிந்தது.

ஒரு மலை அல்ல. கண் போன இடமெல்லாம் மலை.

அருணா விட்டிருந்த வழி எது என்று தேடிப்போய், வாசலில் செருப்பை விட்டுவிட்டு வட்டத்துக்குள் நுழைந்தார். தேதியெல்லாம் வெளியே நின்றுவிட்டது. உள்பக்கம் ஒவ்வொரு தாளிலும், பெருவிரல் அகலத்துக்கு, ஒரே கோட்டில் இழுத்த மலை. கூரை ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் சில தாளில் பட்டது, சில தாளில் படவில்லை.

அது அடி அண்ணாமலையிலிருந்து தெரிகிற மலை. கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வடிவம் கிடையாது. இடது தோள் சரிந்து, நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, முதுகுக்குப் பின்னால் சூரியன் முளைக்கிற மலை. மாட்டுக் கொட்டகைக் கட்டையில் உட்கார்ந்தால்தான் இப்படித் தெரியும். அந்தக் கட்டையில் உட்கார்ந்துதான் அவள் பால் கறந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து டீ குடிப்பார், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எழுபது வருஷமாக அவர் மலையைப் பார்த்ததே இல்லை. அது இருந்தது, அவ்வளவுதான். வயலும் கிணறும் இருக்கிற மாதிரி.

ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்றில் தலையில் மேகம் துணி சுற்றியிருந்தது. ஒன்றில் அடிவாரத்தில் காட்டுத்தீ, சின்னச் சின்னப் புள்ளியாக. ஒன்றில் உச்சியில் ஒரு குச்சியும் ஒரு சுடரும். ஒன்றில் பென்சில் முனை ஒடிந்து கோடு பாதியில் தடித்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் கையின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி, கடைசிக்கு முந்தின வருஷம் கோடு தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. கடைசி வருஷம் நடுங்கியது. அதற்கப்புறம் இல்லை.

இதையெல்லாம் என் எதிரிலா செய்தாள் என்று தோன்றியது அவருக்கு. மெதுவாகத் திரும்பினார். இன்னொரு தடவை திரும்பினார். எங்கே திரும்பினாலும் எதிரே மலை நின்றது. கை தானாகக் கூப்பியது. கூப்பியது தெரிந்ததும் கீழே இறக்கிக்கொண்டார்.

"நாலாயிரத்துச் சொச்சம்பா" என்றாள் பின்னால் அருணாதேவி.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. கையில் நூல்கண்டு இருந்தது. பத்து நாளாகப் பேசாத இரண்டு பேரும் மலைகளைப் பார்த்தார்கள்.

அவர் ஒரு தாளைக் காட்டினார். அதில் மலையே இல்லை. வெறும் தாளில் அடியில் ஒரு வரி மட்டும். இதில் ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்டார்.

"அன்னிக்கு மழையில மலை தெரிஞ்சிருக்காது. எழுதியிருக்கு பாரு" என்று படித்தாள். "தெரியல. இருக்கும்."

அவர் அதையே பார்த்தார். இரண்டே சொல். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதியது.

வேறு சிலதையும் அருணா படித்துக் காட்டினாள். இன்றைக்கு மலை நீலம், அவருக்குக் காய்ச்சல் கம்மி. இன்றைக்கு மலை கிட்ட வந்திருக்கு. அருணா லெட்டர் போட்டிருக்கா, மலைக்கும் படிச்சிக் காட்டினேன். சென்னையில் தன்னோடு படித்தவர்கள் எத்தனையோ பெரிய வேலை செய்கிறார்கள் என்றும், இந்தக் கோட்டைப் போட தனக்கு இன்னும் கை வரவில்லை என்றும் சொன்னாள். தான் இதில் செய்தது நூல் கோத்தது மட்டும்தான் என்றாள்.

பிறகு தகப்பனைப் பார்க்காமலே கேட்டாள்.

"சட்டையில இன்னாப்பா?"

பொய் சொல்ல நினைத்தார். நாலாயிரம் மலைக்கு நடுவில் நின்றுகொண்டு அது வாயில் வரவில்லை. எடுத்துக் கொடுத்தார். அவள் தேதியைப் பார்த்தாள், கிழிந்த ஓட்டையைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நீ தேடினது இது இல்லப்பா."

"தேதி எனக்குத் தெரியாதா?"

"தேதி சரி. ஆனா அம்மா எழுதறது ஒரு நாள் தள்ளி வரும்."

அவள் விளக்கினாள். இன்றைய தாளை இன்றைக்குக் கிழிக்கக் கூடாது, நாள் முடியுமுன் கிழித்தால் ஆகாது என்பது அம்மாவின் சாத்திரம். விடிந்ததும் நேற்றைய தாளைத்தான் கிழிப்பாள். சாயங்காலம் இன்றைய சங்கதியை அந்த நேற்றைய தாளின் முதுகில் எழுதுவாள். அது புரிகிறவரைக்கும் தனக்கே மூன்று மாதத்துத் தாள் கணக்குத் தப்பியது என்றாள். ஆகவே தீபத்துக்கு மறுநாள் நடந்தது, தீபத்தன்றைய தாளில்தான் இருக்கும். அவர் கிழித்து வந்தது அதற்கும் அடுத்த நாளின் சங்கதி.

வெறும் முடிச்சு நினைவுக்கு வந்தது அவருக்கு. "அது எங்க?"

"பெட்டியிலயே இல்ல. அதைச் சொல்றேன். மொதல்ல இதைக் கேளு."

கேட்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் படித்துவிட்டாள்.

"வைக்கோல் வாங்கப் போறேன்னு போனாரு. இருட்டறப்ப வந்தாரு, வைக்கோல் இல்ல. கால் ரெண்டும் கொப்புளம். மலைய சுத்தியிருக்காரு, கூட்டத்துல பையனத் தேடி. நான் கேக்கல. வெந்நி வெச்சுக் குடுத்தேன். மலை நல்லா இருக்கு."

வேடியப்பன் தரையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு இரண்டு சுற்று சுற்றினார். யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு சத்திரமாகப் பார்த்தார், ஒவ்வொரு டீக்கடையாகப் பார்த்தார். மாடு மிதித்துவிட்டது என்று அவளிடம் சொல்லிக் காலை நீட்டினார். அவள் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நம்பிவிட்டாள் என்று ஏழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார், அவள் கண் மூடுகிற வரைக்கும்.

மேலே தாள்கள் லேசாக ஆடின.

சரசு டிபன் கேரியரோடு உள்ளே வந்தாள். வந்தவள் வாய் திறந்தபடி ஒரு நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எம்மாடி, அண்ணி" என்று முணுமுணுத்தாள். அப்புறம் பழைய சரசு ஆகிவிட்டாள். அந்த ஓடுகாலி போன நாள் எங்கே தொங்குகிறது, காட்டு, நானே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றாள்.

அருணா தகப்பனைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷம் இப்படியே போகும்.

"அவன் ஓடல சரசு."

"பின்ன பறந்தானா?"

"நான்தான் அடிச்சுத் தொரத்தினேன். மூஞ்சில முழிக்காதன்னு சொன்னேன். உங்க அண்ணி செத்ததுக்கும் நான் ஆள் அனுப்பல."

சரசு கேரியரைக் கீழே வைத்தாள். நேராக வைக்கத் தெரியாமல் இரண்டு தடவை வைத்தாள்.

"பத்து வருஷமா நான் அந்தப் புள்ளய மண்ணை வாரித் தூத்தாத நாள் இல்ல. பக்கத்துல உக்காந்து கேட்டுகினுதான இருந்த நீ. ஒரு நாளு வாயத் தொறந்தியா?"

"தொறக்கல."

"நல்ல அண்ணன்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மலையின் முன்னால் நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

வேடியப்பன் எழுந்தார். கிழிந்த தாளை மகளிடமிருந்து வாங்கினார். வெளியே போய் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். அருணா புது ஓட்டை போட்டுத் தருகிறேன் என்றாள், அவர் கொடுக்கவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலால், கிழிசலுக்குப் பக்கத்தில் தானே ஊசி குத்தி, தானே நூலைக் கோத்தார். முடிச்சு மொத்தையாக, அசிங்கமாக விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

அதற்கு மேலே வெறும் முடிச்சு இன்னும் அப்படியே தொங்கியது.

அருணா தன் பையிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்தாள். போன வாரம் இந்தக் கண்காட்சி பற்றிப் பேப்பரில் நாலு வரி வந்ததாம். அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதம். ஓசூர் முத்திரை. அதில் ஜாஸ்தி எழுதவில்லை. அந்த ஒரு தாளை அம்மா அப்போதே தனக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள், தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, அப்பா வரச் சொன்னால் கொண்டுவருகிறேன் என்று இருந்தது. அடியில் ஒரு செல்போன் நம்பர்.

"அதுல இன்னா எழுதியிருக்கு?" என்றார்.

"அண்ணன் சொல்லலப்பா. உங்கிட்டதான் காட்டுவாராம்."

அவர் அந்த வெறும் முடிச்சைப் பார்த்தார். அதில் என்ன இருக்கும். அவள் அவரைத் திட்டியிருக்கலாம். திட்டாமலும் இருந்திருக்கலாம். எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு மலை இருக்கும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"போடு" என்றார். "நான் பேசறேன்."

அருணா தன் செல்போனில் நம்பரை அமுக்கி அவர் காதில் வைத்தாள். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. அவள் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. நாலு தடவை, ஐந்து தடவை. சரசு மூக்கைச் சிந்திக்கொண்டு கிட்டே வந்து நின்றாள்.

யாரோ எடுத்தார்கள். தருமன் இல்லை. ஒரு சின்னப் பெண் குழந்தையின் குரல்.

"யாருங்க?"

இப்படி ஒரு குரல் இந்த உலகத்தில் இருப்பது அவருக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. அருணாவுக்கும் தெரியாது என்று அவள் முகம் சொன்னது.

"அப்பா குளிக்கிறாரு. யாருன்னு சொல்லட்டும்?"

தாத்தா என்று சொல்ல அவருக்கு இன்னும் யாரும் உரிமை கொடுக்கவில்லை. அப்பன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அவரே பத்து வருஷம் முந்தி வாசலில் வீசிவிட்டார். தாள்களின் சந்து வழியாக உள்ளே பார்த்தார்.

"மலையிலருந்து பேசறாங்கன்னு சொல்லும்மா."

குழந்தை அதை அப்படியே உரக்கக் கத்தியது. போனுக்குள் எங்கோ தூரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.